ரிசர்வ் வங்கி யார் கம்பெனி?

ஆம்பூர்,
1.9.2025

அன்புள்ள சோபனாவுக்கு,

தணிகைவேல் எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று போனில் கேட்கலாம் என்றால் என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். தபால்காரரை பிளாக் செய்ய இன்னும் வழி வரவில்லை, அதனால் இந்தக் கடிதம். ஒருவிதத்தில் இதுவும் நல்லதுதான். போனில் பேச ஆரம்பித்தால் இரண்டாவது நிமிஷமே நமக்குக் குரல் ஏறிவிடுகிறது. உன் ஹாஸ்டல் விலாசத்தை உன் தம்பி மகேந்திரன் கொடுத்தான். அவனைத் திட்டாதே. குடியாத்தம் போய் அவன் லுங்கித் தறி ஷெட்டில் அரைநாள் உட்கார்ந்து, காது செவிடாகித்தான் வாங்கினேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நாம் தைத்துக் கொடுக்கும் ஷூ மேல்பாகங்களை, நம் அப்பர்களை, வாங்குகிற பெரிய கம்பெனி, நம் யூனிட்டையே எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்கிறது. மெஷின்கள், ஷெட், எல்லாம். என்னை மேனேஜராகச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வார்கள். அமெரிக்கா வரியை ஏற்றியதிலிருந்து இங்கே எல்லார் முகமும் தொங்கிப்போயிருக்கிறது. ஆர்டர் கம்மி, பேஜார் ஜாஸ்தி. இந்த நேரத்தில் இப்படி ஒரு கை நீண்டு வருவதே பெரிய விஷயம்.

ஒப்பந்தத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வக்கீல் பார்த்துவிட்டார், நீ மெனக்கெட்டுப் படிக்க வேண்டாம். பெண்கள் பேரில் லோன் எடுத்தால் மானியம் உண்டு என்று உன்னை புரொப்ரைட்டராக்கியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று, இப்போது எவ்வளவு தொல்லையாகவும் ஆயிற்று பார்.

போன தடவை மாதிரி நானே உன் கையெழுத்தைப் போட்டுவிடுவேன் என்று பயப்படாதே. லோன் புதுப்பிக்கிற பேப்பரில் நான் உன் பெயரை எழுதியதை நீ கொலைக்குற்றம் மாதிரி எடுத்துக்கொண்டு, பெட்டியைக் கட்டிவிட்டாய். நம்மூரில் இதை யார் செய்யவில்லை சொல்? சரி, விடு.

பண விஷயங்களைப் பற்றிப் பெண்களுக்குத் தமிழில் புத்தகம் எழுதுகிற வேலை என்று மகேந்திரன் சொன்னான். நம் வீட்டுப் பண விஷயம் ஒன்று இந்தக் கவரில் இருக்கிறது. அதை முதலில் கவனி. மாத்திரையை மறக்காமல் போடு.

இப்படிக்கு,
தணிகைவேல்


மும்பை,
8.9.2025

மதிப்பிற்குரிய தணிகைவேல் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறேன். மாத்திரை போடுகிறேன்.

படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். படித்தேன், பல இடம் புரியவில்லை. தைக்கிற பெண்கள் அத்தனை பேரையும் கம்பெனி எடுத்துக்கொள்கிறதா? எந்த ஷெட்டுக்கு? இதை யாரிடமாவது கேட்டீர்களா? யூனிட் கேட்டுக்கு மேலே "சோபனா அப்பர்ஸ்" என்று ஆள் உயரத்துக்கு என் பெயரை எழுதி வைத்தீர்கள். திறப்பு விழா அன்று கேசரி கொடுத்தேன். அதற்குப் பிறகு அந்தக் கேட்டுக்குள் நான் எத்தனை தடவை வந்திருக்கிறேன் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பெரிய குற்றம் இல்லை என்கிறீர்கள். உங்களுக்கு அது வெறும் பேப்பர். எனக்கு, அந்த யூனிட்டில் என்னிடம் இருக்கிற ஒரே ஒரு வேலையான கையெழுத்தையும் நீங்களே போட்டுவிட்டது போல இருந்தது. அதற்கு மேல் இதைப் பற்றி எழுதினால் தாளிலும் எனக்குக் குரல் ஏறும்.

என் வேலையைப் பற்றிக் கிண்டலாக எழுதியிருக்கிறீர்கள். முதல் பாடமாக எனக்குக் கொடுத்திருக்கும் கேள்வி எது தெரியுமா? "ரிசர்வ் வங்கி யாருக்குச் சொந்தம்?" டீச்சராக இருந்தபோது பன்னிரண்டாம் வகுப்புக்கு வருஷா வருஷம் ஒரே வரியில் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன விஷயம். இப்போது உட்கார்ந்து படித்தால் மலைப்பாக இருக்கிறது.

ஆரம்பித்த 1935இல் அது தனியார் பங்குதாரர்களின் வங்கி. ஒரு பங்கு நூறு ரூபாய். பம்பாய், கல்கத்தா, டில்லி, மதராஸ், ரங்கூன் என்று ஐந்து இடங்களில் பங்குதாரர் பதிவு இருந்தது. ரங்கூன்! அந்தக் காலத்தில் வேலூர் லாங் பஜாரில் மண்டி வைத்திருந்த ஒருவர் மனசு வைத்திருந்தால், நோட்டு அடிக்கிற வங்கியில் தனக்கும் ஒரு பங்கு என்று சொல்லிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருக்கலாம். சுதந்திரம் வந்த பிறகு, 1949 ஜனவரி முதல் தேதி, அத்தனை பங்கையும் விலை கொடுத்து அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அன்றைக்கு இருந்து இன்றைக்கு வரைக்கும் ஒரே ஓனர்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோர்ட் பக்கம் போய் ரிசர்வ் வங்கிக் கட்டடத்தின் எதிரே நின்றேன். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தேன். கோயில் கோபுரத்தைப் பார்த்தால்கூட எனக்கு அப்படி வந்ததில்லை, கை தானாகக் குவிந்துவிட்டது. பக்கத்தில் வடாபாவ் விற்றவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் கல்லாவில் இருந்த ஒவ்வொரு நோட்டும் அந்தக் கட்டடம் கொடுத்த வாக்கு. அது அவருக்கும் தெரியும்போல, கண்டுகொள்ளவில்லை.

கேட்டதற்குப் பதில் எழுதுங்கள். அதன் பிறகு கையெழுத்தைப் பற்றிப் பேசலாம்.

சோபனா


ஆம்பூர்,
14.9.2025

அன்புள்ள சோபனாவுக்கு,

"மதிப்பிற்குரிய" என்று ஆரம்பித்ததும் கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் என்று நினைத்துவிட்டேன். பிறகு உன் எழுத்தைப் பார்த்து உட்கார்ந்து படித்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். கம்பெனி ஷெட் பேரணாம்பட்டு ரோட்டில் இருக்கிறது. காலையில் பஸ் வரும். நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களை எடுக்க மாட்டார்கள். கண் மங்கிவிடுகிறதாம், மெல்லிய தோலில் தையல் நேராக வராதாம். நம் சம்பூர்ணம், இன்னும் சில பேர் அதில் அடங்குவார்கள். கஷ்டம்தான். ஆனால் யூனிட்டையே மூடினால் எல்லோரும் அல்லவா வெளியே நிற்பார்கள்? இளம்பெண்களாவது பிழைக்கட்டும் என்பது என் கணக்கு. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் அழுவார்கள், அழுதால் எனக்குத் தாங்காது.

உன் வங்கிக் கதையை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்துக் காட்டினேன். தனிப்பட்ட வரிகளை விட்டுவிட்டுத்தான். நம்மூரில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி "நீ யார் கம்பெனி?" என்பதுதானே. மேஸ்திரி வஹீதா அதையே பிடித்துக்கொண்டாள்.

"அப்ப ரிசர்வ் பேங்க் கவர்மென்ட் கம்பெனி. சரிண்ணா, கவர்மென்ட் யார் கம்பெனி?"

"நம்ம கம்பெனிதான். ஓட்டு போடறோம்ல?"

"அப்ப எனக்கும் அதுல பங்கு இருக்குதா? யா அல்லா! இது தெரியாம நான் பஸ்ல நின்னுக்கினே வர்றேன்."

எல்லாரும் சிரித்தார்கள். வஹீதா மட்டும் சிரித்து முடித்த பிறகு பர்ஸிலிருந்து ஒரு நோட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்கும் அப்படிப் பார்க்கத் தோன்றியது. டீக்கடையில் ஒருத்தன், உலகத்து நாடுகளின் வங்கி எல்லாமே வெளிநாட்டில் ஒரே குடும்பத்துக்குச் சொந்தம், யூடியூபில் பார்த்தேன் என்று அடித்துச் சொல்கிறான். உன் கடிதம் கையில் இருந்த தைரியத்தில் அவனை ஒரு பிடி பிடித்தேன்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். ஓனர் கவர்மென்ட் என்றால், ஓனர் வந்து "வட்டியைக் குறை, நோட்டை அடி" என்றால் அடிக்க வேண்டியதுதானே? இதில் மலைக்க என்ன இருக்கிறது? இருபது வருஷமாகத் தோல் தொழிலில் இருக்கிறேன். முதலாளி சொன்னால் சொன்னதுதான். நிறுத்து என்றால் மெஷின் நிற்கும், ஓட்டு என்றால் ஓடும். அவர் எதிரே முடியாது என்று சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. சொன்னவன் மறுநாள் வேறு கம்பெனியில் இருப்பான்.

மாத முடிவுக்குள் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். யோசி. நீ வளர்த்த கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன்.

இப்படிக்கு,
தணிகைவேல்


மும்பை,
22.9.2025

என்னங்க,

பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். அடிக்க மனமில்லை, இருக்கட்டும்.

சம்பூர்ணம்மாவைப் பற்றிய வரியை மறுபடி மறுபடி படித்தேன். அவர் முகம்கூட எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. திறப்பு விழாவில் மல்லிகைச்சரம் கொடுத்தவர் அவரா? என் பெயர் போட்ட யூனிட்டிலிருந்து ஒருவரை வெளியே அனுப்பப் போகிறேன், அவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. அதற்காகவே இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கொஞ்சம் அவகாசம் கேளுங்கள்.

உங்கள் சந்தேகம் சாதாரணச் சந்தேகம் இல்லை. ஒரு வாரமாக நூலகத்தில் அதோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.

அரசாங்கம்தான் ஓனர். கவர்னரை நியமிப்பதும் அதுதான், நீக்கவும் முடியும். மிச்சமாகிற லாபமும் அதற்குத்தான் போகிறது. ஆனால் வட்டி எவ்வளவு என்பதை ஓனர் முடிவு செய்வதில்லை. ஆறு பேர் உட்காருகிறார்கள். மூன்று பேர் வங்கிக்காரர்கள், மூன்று பேர் அரசாங்கம் வெளியிலிருந்து போட்டவர்கள். ஆளுக்கு ஒரு ஓட்டு. சமமாக வந்தால் கவர்னருக்கு இன்னொரு ஓட்டு. இதோடு முடியவில்லை. ஒவ்வொருவரும் தான் ஏன் அப்படி ஓட்டுப் போட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அதை ஊருக்கே வெளியிடுகிறார்கள். நான் படித்துப் பார்த்தேன். ஒருவர் மற்றவரோடு ஒத்துப்போகாமல் எழுதியிருக்கிறார். அடுத்த கூட்டத்திலும் அவர் அதே நாற்காலியில் இருக்கிறார்.

சட்டத்தில் ஏழாவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பொதுநலனுக்குத் தேவை என்று பட்டால், கவர்னரைக் கலந்து பேசிவிட்டு, அரசாங்கம் வங்கிக்கு உத்தரவு போடலாம். வங்கி தொடங்கிய நாளாக அந்த உத்தரவை முறைப்படி ஒருமுறைகூடப் போட்டதில்லை என்று படித்தேன். அதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து நின்றுவிட்டேன். எத்தனை ஆட்சி வந்திருக்கிறது, எத்தனை பஞ்சம், எத்தனை யுத்தம், எத்தனை தேர்தல்! எத்தனை பேருக்குக் கை அரித்திருக்கும்! சண்டை வந்திருக்கிறது, கவர்னர்கள் மனம் நொந்து போயிருக்கிறார்கள், மறைமுகமாக அழுத்தம் கொடுத்ததும் உண்டு என்கிறார்கள். எல்லாம் சுத்தம் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பிரிவு அப்படியே கிடக்கிறது. அந்தப் பெரிய கட்டடம் வெறும் கல்லால் நிற்கவில்லை என்று தோன்றியது. பலம் உள்ளவன் தினமும் கையை மடக்கிக்கொள்வதால் நிற்கிறது.

வெளிநாட்டுக் கதை இன்னும் வேடிக்கை. சுவிட்சர்லாந்து மத்திய வங்கியின் பங்கு சந்தையில் விற்கிறது. காசு இருந்தால் நீங்களும் நானும் வாங்கலாம். ஆண்டுக் கூட்டத்துக்கும் போகலாம். ஆனால் தனியார் எவ்வளவு பங்கு வாங்கினாலும் ஓட்டுக்கு ஒரு வரம்பு, லாபத்துக்கு ஒரு வரம்பு. சொந்தக்காரர் என்ற பெயர் உண்டு, கடிவாளம் கையில் கிடையாது.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு என்னைப் பற்றியே ஓர் எண்ணம் வந்தது. நான் கையெழுத்துப் போடாமல் இருந்தால் ஒரு பெரிய கம்பெனி காத்திருக்கிறது. என்னிடம் இவ்வளவு பெரிய விஷயம் இருந்தது இத்தனை நாள் எனக்கே தெரியாது. சந்தோஷமாக இல்லை, பயமாக இருக்கிறது.

கறிவேப்பிலைக்குத் தினமும் ஊற்றாதீர்கள், வேர் அழுகிவிடும்.

சோபனா


ஆம்பூர்,
3.10.2025

அன்புள்ள சோபனாவுக்கு,

"என்னங்க" என்று ஆரம்பித்த கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன், வியர்வையில் மசி கலைந்துவிட்டது. முக்கியமான வரிகள் மனப்பாடம்.

ஆயுதபூஜை நன்றாக நடந்தது. மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. வஹீதாதான் பொரியும் சுண்டலும் எடுத்துக்கொண்டு தெரு முழுக்கக் கொடுத்தாள். அன்றைக்கே டிவியில் ரிசர்வ் வங்கி வட்டியை மாற்றவில்லை என்று சொன்னார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் செய்தியை முழுசாகக் கேட்டேன். ஆறு பேரும் என்ன எழுதினார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. பைத்தியம் பிடித்துவிட்டதா என்று சிரிக்காதே.

இனி நான் சொல்லப்போவதைக் கேள். முதலாளிக்கு எதிரே முடியாது என்று சொன்ன ஆளைப் பார்த்ததில்லை என்று எழுதினேன் இல்லையா? பார்த்துவிட்டேன்.

போன வாரம் அப்பர்களைக் கொடுக்க, நம் யூனிட்டைக் கேட்கிற அந்தக் கம்பெனிக்குப் போனேன். லைனில் ஒரு மெஷின் ஊசி உடைந்துவிட்டது. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கைக்கு வர வேண்டும், வந்தால்தான் புது ஊசி என்பது நம் தொழிலில் விதி. மூன்று துண்டு கிடைத்தது, முனை கிடைக்கவில்லை. தரம் பார்க்கிற ஆல்வின் லோடை நிறுத்திவிட்டான். வெளியே கண்டெய்னர் நிற்கிறது, கப்பலுக்கு நேரமாகிறது. விஷயம் போய் முதலாளி கலீமுல்லா சாஹிப் தானே இறங்கி வந்துவிட்டார்.

"ஆல்வின், லோடு அனுப்புப்பா. டைம் இல்ல."

"முனை கிடைக்கல சார்."

"அது இன்னா, அரிசி அளவு இருக்குமா?"

"கால்ல குத்த அது போதும் சார்."

"நான் சொல்றேன். அனுப்பு."

"நீங்க கையெழுத்து போட்டு அனுப்பிக்கங்க சார். நான் போட மாட்டேன்."

ஆல்வினுக்குச் சம்பளம் கொடுப்பவர் அவர். லோடு அனுப்புகிற பேப்பரில் அவரே கையெழுத்துப் போட்டிருந்தால் யார் தடுக்கப் போகிறார்கள்? சாஹிப் அந்தப் பேப்பரைப் பார்த்தார். பேனாவைக்கூடத் தொடவில்லை. வெளியே போய்க் காரில் உட்கார்ந்துவிட்டார். கட்டி வைத்த பெட்டி எல்லாவற்றையும் பிரித்து மறுபடி மெட்டல் டிடெக்டரில் விட்டார்கள். ஒரு ஷூவின் நாக்குப் பகுதியில், உள் துணிக்குள்ளே, முனை இருந்தது.

கண்டெய்னர் கிளம்பியதும் சாஹிப் எனக்கும் டீ சொன்னார். கேட்காமல் இருக்க முடியவில்லை, கேட்டுவிட்டேன்.

"ஒரு கையெழுத்துதானே சாஹிப், நீங்களே போட்டிருக்கலாமே?"

"போட்டிருக்கலாம்பா. போட்டிருந்தா நாளையிலருந்து ஆல்வின் எதுக்கு?"

சோபனா, டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். நீ படித்த ஏழாவது பிரிவை நான் கண்ணால் பார்த்தேன். இத்தனை வருஷமாகத் தினமும் போய் வருகிற ஷெட்டில் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது, நான் டீ குடித்துவிட்டு வந்துகொண்டிருந்திருக்கிறேன்.

ஒப்பந்தத்தைப் பற்றி. விற்பது நல்லது என்றுதான் இன்னும் நினைக்கிறேன். எனக்கும் அலுத்துவிட்டது. இந்த மாதம் பதினைந்துவரை நேரம் வாங்கியிருக்கிறேன். ஆனால் முடிவு உன்னுடையது. உன் கைக்குப் பதில் என் கை இனி எங்கேயும் வராது. இதை யாரும் சொல்லி நான் எழுதவில்லை.

வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. நீ இல்லாமல் எனக்குப் பிடிக்கவில்லை.

உன்,
தணிகைவேல்


மும்பை,
10.10.2025

அன்புள்ள உங்களுக்கு,

ஆல்வினைப் பற்றி எழுதியதை மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அனுமதி கொடுத்தால் என் புத்தகத்தில் ஊரும் பேரும் சொல்லாமல் அதைச் சேர்க்கிறேன். நான் எட்டுப் பக்கம் எழுதியதைவிட அது நன்றாகப் புரியவைக்கும்.

இத்துடன் ஒப்பந்தம் இருக்கிறது. எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

யோசித்துத்தான் போட்டேன். நான் அந்த யூனிட்டில் ஒரு நாள் உட்கார்ந்ததில்லை. ஆர்டர் எப்படி வருகிறது, எப்போது கம்மியாகிறது என்று எனக்குத் தெரியாது. மும்பையில் உட்கார்ந்துகொண்டு, சட்டப்படி ஓனர் என்ற ஒரே காரணத்தால் வேண்டாம் என்று தடுத்தால், கணக்குத் தெரியாமல் நோட்டை அடி என்று சொல்கிற ஓனருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நடத்துகிறவர் நீங்கள். விற்கச் சொல்கிறீர்கள். அலுத்துவிட்டது என்கிறீர்கள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? சம்பூர்ணம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் நல்லபடியாக ஏதாவது செய்து அனுப்புங்கள்.

இங்கே வேலையை இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கிறார்கள். சரி என்று சொல்லலாம் என்றிருக்கிறேன். யூனிட் போய்விட்டால் நமக்குள் கையெழுத்து வேண்டிய விஷயம் எதுவும் பாக்கி இருக்காது. மற்றதைப் பற்றி இரண்டு பேரும் சண்டை இல்லாமல் பேசி ஒரு முடிவுக்கு வரலாம். உங்கள் மேல் கோபம் இல்லை. கோபம் போய்விட்டது என்பதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேட்டுக்கு மேலே இருக்கிற போர்டை இறக்கிவிடுங்கள்.

சோபனா


ஆம்பூர்,
16.10.2025

சோபனா அப்பர்ஸ் ஓனர் அவர்களுக்கு,

உங்கள் உத்தரவு கிடைத்தது. நிறைவேற்ற முடியாது. ஒப்பந்தத்தைக் கம்பெனியிடம் கொடுக்காமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

சோபனா, கோபப்படாமல் மேலே படி. உன் கவர் வந்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நேராக லைனுக்குப் போய், யூனிட்டை விற்கிறோம், இன்னின்னார் பேரணாம்பட்டு ரோடு ஷெட்டுக்கு, இன்னின்னாரை எடுக்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். அழுவார்கள் என்று நினைத்தேன். யாரும் அழவில்லை. சம்பூர்ணம்தான் கேட்டார்.

"யாருப்பா முடிவு பண்ணது?"

"ஓனர்."

"ஓனரம்மாவுக்கு நாங்க யாருன்னே தெரியாதே."

இந்தத் தடவை நானே உன் பெயரை எழுதவில்லை, ஆனால் அதே வேலையைத்தான் மறுபடி செய்துகொண்டிருந்தேன். அலுப்பு என்னுடையது, முடிவு என்னுடையது, போட்டது மட்டும் உன் கையெழுத்து. நீ கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் நீ போட்டிருக்க மாட்டாய். பதினைந்து ஜோடிக் கண்ணும் என்னைப் பார்த்தது, நான் தரையைப் பார்த்தேன்.

அதனால் இப்போது நடத்துகிறவனாக எழுத்தில் சொல்கிறேன். ஒன்று, சம்பூர்ணம் தையல் எனக்குத் தெரியும், கண்ணாடி போட்டால் இன்னும் பத்து வருஷம் தைப்பார். இரண்டு, அமெரிக்கா ஆர்டர் போனால் போகட்டும், வேலூரில் பள்ளி ஷூ மொத்தமாக எடுக்கிற இரண்டு பேரிடம் பேசியிருக்கிறேன். லாபம் ரொம்பக் கம்மி. பாதி மெஷின் பொங்கல்வரை ஓடும், அதற்கு மேல் என்னால் உறுதி சொல்ல முடியாது. நஷ்டமாகவும் ஆகலாம். இதெல்லாம் உனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியது. விற்காமல் நடத்திப் பார்க்கலாம் என்பது என் கருத்து.

கலீமுல்லா சாஹிபிடம் போய், எங்கள் ஓனருக்கு நான் எதிர்ப்புச் சொல்லியிருக்கிறேன், பதில் வரும்வரை பொறுங்கள் என்றேன். "பொண்டாட்டிகிட்டயா?" என்றார். "ஓனர்கிட்ட" என்றேன். அவர் சிரிக்கவில்லை. தீபாவளி முடிகிறவரை காத்திருக்கிறேன் என்று சொல்லி, எழுந்து வாசல்வரை வந்து என்னை அனுப்பிவைத்தார்.

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இதைப் படித்த பிறகும் விற்கத்தான் வேண்டும் என்று நீ எழுதினால், வந்த அன்றைக்கே ஒப்பந்தத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டேன். உத்தரவை மீறினேன் என்று என்னை வேலையை விட்டு நீக்கவும் உனக்கு முழு உரிமை உண்டு. ஆனால் தபாலில் நீக்கினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நேரில் வந்து, எல்லார் எதிரிலும், நீயே சொல்ல வேண்டும்.

போர்டை இறக்கவில்லை.

உன்,
தணிகைவேல்


மும்பை,
22.10.2025

என்னங்க,

தீபாவளிக்கு மறுநாள் காலையில் உங்கள் கடிதம் வந்தது. ஹாஸ்டலில் எல்லாரும் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். ஒப்பந்தத்தைக் கிழித்துவிட்டேன். விற்க வேண்டாம். நஷ்டம் வந்தால் அதுவும் என் பெயரில் வரட்டும்.

இத்தனை வருஷத்தில் நீங்கள் எனக்கு எத்தனையோ முடியாது சொல்லியிருக்கிறீர்கள். வேலூருக்குச் சினிமா முடியாது, அமிர்தி அருவிக்கு முடியாது, இந்த மாதம் முடியாது. அதெல்லாம் மனைவிக்குச் சொன்னது. என்னை ஓனர் என்று நம்பி, காரணம் எழுதி, கையைக் கட்டிக்கொண்டு நின்று, என் பதிலுக்குக் காத்திருந்து ஒருவர் சொன்ன முதல் முடியாது இது. அந்தப் பெரிய கட்டடத்தின் எதிரே நின்றபோது ஒரு மலைப்பு வந்ததே, அது இந்த மாடிப்படியில் மறுபடி வந்தது. ரொம்ப நேரம் அழுதேன்.

உங்களை நீக்க நேரில் வருகிறேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ரயில் ஏறிச் சென்னை வந்து, அங்கிருந்து பெங்களூர் வண்டியில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆம்பூரில் இறங்குவேன். திங்கட்கிழமை முழுநாளும் லைனில் சம்பூர்ணம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொருவர் பெயரையும் அவரவர் வாயால் சொல்லிக் கேட்க வேண்டும். நீங்கள் அறிமுகப்படுத்த வேண்டாம்.

ஓனராக வருவது நிச்சயம். மனைவியாகவும் வருகிறேனா என்பதை வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வருகிறேன். எதற்கும் ஸ்டேஷனுக்கு வந்து நில்லுங்கள்.

சோபனா